அப்னா என்ன திண்டாள்

கேள்வி ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. பிள்ளை பெற்ற எந்த உம்மாவும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியதுதான்.

"நேத்துக் காலம்பற எழும்பினதுல இருந்து ராவு படுக்கும் வரைக்கும் மகள் என்னென்ன சாப்பிட்டவ, எவ்வளவு சாப்பிட்டவ, சொல்லுங்க றாத்தா" என்று கேட்டுவிட்டு, குடும்பநல மிட்வைப் தர்சினி பேனையைப் படிவத்தின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நஸீறா விரல் மடித்து எண்ணப் பார்த்தாள். முதல் விரலோடு நின்றுவிட்டாள்.

தர்சினி பாண்டிருப்புக்காரி. சாய்ந்தமருதில் கடற்கரையை ஒட்டிய இந்த நாலைந்து வீதிகளும் ஏழு வருடமாக அவளுடைய பொறுப்பு. ஸ்கூட்டரின் சத்தம் கேட்டாலே பெண்கள் பிள்ளைகளின் கிளினிக் அட்டையைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். நஸீறாவின் இளையவள் றஸ்னாவுக்குத் தடுப்பூசித் திகதி தவறியபோது வீட்டு வாசலில் நின்று ஏசியவள் அவள். ஏசிவிட்டு அதே வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போவாள். ஆனால் இன்றைக்கு அவள் வந்தது மூத்தவள் அப்னாவுக்காக. பள்ளிக்கூடத்தில் உயரமும் நிறையும் பார்த்தபோது, பதினைந்து வயதுக்கும் அந்த உயரத்துக்கும் இருக்கவேண்டியதைவிட அவள் பத்துக் கிலோ குறைவு என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.

"சோறு திண்டாள் மிஸ். சூடை மீன் ஆணம் காய்ச்சின. முருங்கை இலைச் சுண்டலும் வெச்ச" என்றாள் நஸீறா.

"எவ்வளவு சோறு? ஒரு கோப்பையா, ரெண்டு கோப்பையா?"

"எங்களோட சேந்துதான் திண்டாள்."

"அது சரி றாத்தா. எவ்வளவு?"

"நாங்க சகன்லதானே மிஸ் தின்ற."

மற்ற வீடுகளில் சகன் என்கிற அந்தப் பெரிய வட்டத் தட்டு கலியாணத்துக்கும் கந்தூரிக்கும்தான் பரணில் இருந்து இறங்கும். ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் தின்பார்கள். நஸீறாவின் வீட்டில் அது நித்தம் இறங்கியது. அவளைக் கட்டிய மாப்பிள்ளை ஜவாத் ஆழ்கடல் போட்டில் போகிறவன். போனால் ஏழு நாள், சில நேரம் பத்து நாள். கரைக்கு வந்தால் பெண்சாதியும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோடாமல் அவனுக்குச் சோறு இறங்காது. அவன் இல்லாத நாட்களிலும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. ஒரு தட்டு என்றால் கழுவுவதும் ஒரு தட்டுத்தானே என்று நஸீறாவும் சந்தோசமாக இருந்துவிட்டாள்.

"அப்ப எல்லார்ட சோறும் ஒண்டாக் கிடக்கு" என்று தர்சினி மெதுவாகச் சொன்னாள். "ஆர்ட வயித்துக்குள்ள எவ்வளவு போன எண்டு ஆருக்கும் தெரியா."

"சகன் வெறுமையாத்தான் மிஸ் எழும்பும். ஒரு பருக்கை மிஞ்சாது."

நஸீறா ரோசத்தோடுதான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அது பதில் இல்லை என்பது அவளுக்கே உறைத்தது. பதினைந்து வருடமாக அவள் தட்டைத்தான் பார்த்து வந்திருக்கிறாள். பிள்ளையின் வாயைப் பார்க்கவில்லை.

தர்சினி படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "மாதம் மாதம் ஒழுங்கா வாறதா அவக்கு?"

"வாறதானே" என்று நஸீறா சொல்ல எடுத்தாள். சொல்லவில்லை.

நோன்பு மாதத்தில் அப்னா முப்பது நோன்பையும் பிடித்திருந்தாள். ஒன்றைக்கூட விடவில்லை. வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு மாதத்தில் ஆறேழு நாள் தொழுகையும் கிடையாது, நோன்பும் கிடையாது. விட்ட நோன்பைப் பிறகு களாவாகப் பிடித்துக் கொடுக்கவேண்டும். இது ஊரில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அப்படி இருக்க, அப்னா முப்பதையும் தொடர்ந்து பிடித்தாள், பெருநாள் முடிந்த மறுநாளே, விரும்பியவர்கள் பிடிக்கிற ஆறு நோன்பையும் தொடங்கினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியோரம் நின்று "உன்ட மகள் சுவர்க்கத்துப் புள்ளகா" என்றார்கள். நஸீறாவுக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு கல்யாண வீட்டில் அவளே வாய்விட்டு இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள். அங்கே இருந்த இருபது பெண்களில் ஒருத்திக்காவது கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. பெற்றவளுக்கே தோன்றாதது மற்றவர்களுக்கு எப்படித் தோன்றும்.

"நோன்புக்கு முந்தியே நிண்டிரிக்கி மிஸ்" என்றாள்.

தர்சினி எழுதினாள். எழுதிவிட்டு ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். வளரும் பிள்ளைகளுக்கான சாப்பாடு என்று மேலே போட்டு, கீழே சோறு, இடியப்பம், பருப்பு, முட்டை, மீன், பால், வாழைப்பழம் என்று படங்களும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கலோரி எத்தனை என்ற இலக்கமும் இருந்தன.

"இவட வயசுக்கு ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் கலோரிக்கும் மேல வேணும் றாத்தா. வளர்ற வயசு. எலும்பு வைக்கிறதும் இந்த வயசுலதான்."

"கலோரி எண்டா என்ன மிஸ்?"

தர்சினி சுற்றிலும் பார்த்தாள். மூலையில் நஸீறாவின் தையல் மிஷின் இருந்தது. கல்முனைக் கடை ஒன்றுக்கு அபாயா தைத்துக் கொடுப்பவள் அவள். கறுப்புத் துணி மலைபோல் குவிந்து கிடந்தது.

"உங்கட மிஷினுக்குக் கரண்ட் மாதிரித்தான். கரண்ட் இல்லாட்டி மிஷின் நிண்டுரும். மனுசர் நிக்க மாட்டம். உள்ளுக்க இருக்கிறதை எரிச்சு ஓடுவம். முதல்ல கொழுப்பு, பிறகு தசை, பிறகு..." அவள் படிவத்தை மடித்தாள். "ஒரு கிழமைக்கு அவ சாப்பிடுறதை எழுதி வைங்க. தனித் தட்டுல போட்டுக் குடுங்க. வாற வியாழன் கிளினிக்குக் கூட்டி வாங்க."

தர்சினி போன பிறகு நஸீறா மிஷினில் உட்கார்ந்தாள். கை ஓடவில்லை. அப்னாவின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை இந்த வருடத்தில் இரண்டு தரம் இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. "தொளதொள எண்டு கிடக்கு உம்மா" என்று அவள் கொண்டுவந்து நீட்டியபோது, துணிதான் கழுவக் கழுவ நீண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தையல் வெளியே தெரியாமல் எவ்வளவு அழகாகப் பிடித்தாள். கெட்டிக்காரிதான்.

*

தாளைக் குசினிச் சுவரில் ஒட்டினாள். பள்ளிக்கூடத்தால் வந்த அப்னா அதன் முன்னால் நின்று வாசித்தாள். பர்தாவைக் கழற்றாமல், தண்ணீரும் குடிக்காமல் கால்மணி நேரம் நின்று வாசித்தாள். நஸீறாவுக்கு நெஞ்சில் சின்ன நம்பிக்கை ஒன்று முளைத்தது. படிக்கிற பிள்ளை, வாசித்தால் விளங்கிக்கொள்ளும் என்று நினைத்தாள்.

கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. தரைப்பக்கமிருந்து வரும் அந்தக் காற்றில் வீட்டுக்குள் எதைத் தொட்டாலும் சுடும். பத்து மணிக்கே வீதி வெறிச்சோடிவிடும். அந்த வெயிலிலும் அப்னா நிற்கமாட்டாள். வளவைக் கூட்டுவாள், கூட்டிய வளவை மறுபடி கூட்டுவாள், கடைக்கு நடந்து போவாள், உப்பை மறந்துவிட்டேன் என்று திரும்பவும் நடப்பாள். சமையலும் அவள்தான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்த குர்பான் இறைச்சியை அவள் ஆக்கிய வாசத்தில் மூன்றாம் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அன்றைக்கும் எல்லோருக்கும் பரிமாறினாள், எல்லோரும் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் தனித் தட்டில் சோறு போட்டு வைத்தபோது அப்னா தட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"இது முந்நூறு உம்மா. மீன் பொரிச்சதெண்டா எண்ணெயும் சேத்து இன்னம் நூறு."

"என்ன சொல்றாய் நீ?"

"அந்தத் தாள்ல இரிக்கே. தேங்காப்பால் ஊத்தின ஆணம் எண்டா அதுக்கும் கூட்டோணும். அது மிஸ்ட தாள்ல இல்ல. நான் போன்ல பாத்த."

தாளில் இருந்ததும் போனில் பார்த்ததும் அவளுக்கு மனப்பாடம். இடியப்பம் ஒன்றுக்கு எத்தனை, அரைத் தேங்காய்ச் சம்பலுக்கு எத்தனை என்று குர்ஆன் ஓதுகிற பிள்ளை சூறாவை ஒப்புவிப்பது போல ஒப்புவித்தாள். பிள்ளை தின்னவேண்டும் என்று ஒட்டிய தாள் தின்னாமல் இருப்பதற்குப் பாடப்புத்தகமாகிவிட்டது. நஸீறா அன்றிரவே அதைக் கிழித்தாள். கிழித்து என்ன பிரயோசனம், அது அப்னாவின் தலைக்குள் அல்லவா ஒட்டிக்கொண்டுவிட்டது.

மூன்றாம் நாள் ஜவாத் கரைக்கு வந்தான். ஐஸ் பெட்டியில் மகளுக்கென்று ஒதுக்கிய பாரைத் துண்டு ஒன்று இருந்தது. உள்ளே வந்தவன் தனித் தட்டைப் பார்த்தான்.

"இது ஆருக்கு?"

"அப்னாக்கு. மிஸ் சொன்ன" என்று நஸீறா விசயத்தை எல்லாம் சொன்னாள். மாதவிலக்கு நின்றதை மட்டும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வேறு விதமாகச் சுற்றிச் சொன்னாள்.

"நோயாளிக்குத்தான் தட்டைப் பிரிக்கிற" என்றான் ஜவாத். "என்ட புள்ளை என்ன நோயாளியா? நான் கடல்ல பத்து நாள் தனியத் திண்டுட்டு வாறது இதைப் பாக்கவாகா?"

"அப்னாட வாப்பா, அவள் தின்றாள் இல்ல."

"ஆர் சொன்ன? நான் கண்ணால பாக்கிறதானே. என்னோடதானே கை போடுறாள். நம்மட ஆக்கள் எல்லாம் ஒல்லிதான். என்ட உம்மா ஈர்க்கில் மாதிரி இருந்து எட்டுப் புள்ள பெத்தவ."

"அப்ப இண்டைக்குச் சகன்லயே வைப்பம். நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். அவள்ட கையை மட்டும் பாருங்க."

அப்படியே செய்தார்கள். சிவப்பரிசிச் சோறு, பாரை ஆணம், வாழைக்காய்ப் பொரியல். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜவாத் கடலில் நடந்த கதையைச் சொல்லிக்கொண்டே கண்ணைக் கீழே வைத்திருந்தான். அப்னாவின் கை ஓயவில்லை. பிசைந்தாள், உருட்டினாள், முள் எடுத்தாள், விரலை வாய்க்குக் கொண்டுபோனாள். பார்க்கிறவனுக்கு அவள்தான் கூடத் தின்றாள் என்று தோன்றும். ஆனால் விரலில் ஒட்டிய ஆணக் குழம்பு மட்டும்தான் வாய்க்குள் போயிற்று. சோறு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பக்கத்தில் இருந்த றஸ்னாவின் பங்கோடு சேர்ந்தது. ஒன்பது வயது றஸ்னா தன் பக்கத்தில் இருப்பது எல்லாம் தன்னுடையது என்று நம்பித் தின்றுகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை ஏன் ஆறு மாதத்தில் இப்படிக் கொழுத்தது என்பதும் நஸீறாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஜவாத்தின் கதை பாதியில் நின்றது.

அவன் பாரையின் நல்ல சதையாக எடுத்து, சோற்றோடு சேர்த்து உருட்டி, மகளின் வாய்க்கு நேரே நீட்டினான். "இந்தா மகள். வாப்பாட கையால ஒண்டு."

அப்னா அதைத் தன் கையில் வாங்கினாள். வாங்கி, சிரித்துக்கொண்டே தங்கச்சியின் வாய்க்குள் வைத்தாள். "வாப்பாட கையால எண்டா இவளுக்குத்தான் ஆசை வாப்பா."

"நீ தின்னு."

"நான் திண்டுட்டேன் வாப்பா. வயிறு நிறைஞ்சிரிக்கி."

"இல்ல மகள். நீ தின்னல்ல. வாப்பா பாத்துட்டுத்தான் இரிக்கன்."

அப்னாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. பிடிபட்ட திருடியைப்போல் அவள் சகனையே பார்த்தாள். றஸ்னா மட்டும் மென்றுகொண்டிருந்தாள். ஜவாத் எழும்பிக் கையைக் கழுவிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டான். காற்றையும் கடலையும் கண்டு பயப்படாத மனிதன், கையளவு சோற்றுக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் போனான். அந்த வீட்டில் முதல் தரமாகச் சகன் சோற்றோடு எழும்பியது அன்றைக்குத்தான்.

*

கட்டாயமில்லாத சுன்னத்து நோன்பாக அப்னா பிடித்து வந்த திங்கள், வியாழன் நோன்பை நிறுத்தவேண்டும் என்று நஸீறா முடிவு செய்தாள். முடிவு செய்ய எளிதாக இருந்தது. சொல்லத்தான் நாக்கு எழும்பவில்லை. நோன்பு பிடிக்காத பிள்ளையை ஏசுகிற உம்மாக்களை ஊர் கண்டிருக்கிறது. பிடிக்கிற பிள்ளையை ஏசுகிற உம்மாவை எந்த ஊர் கண்டது?

அடுத்த திங்கட்கிழமை, விடியுமுன் சாப்பிடும் சகர் நேரத்தில் எழும்பித் தண்ணீர் மட்டும் குடித்த அப்னாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"இண்டைக்கு நோன்பு வேணாம் மகள்."

"நோன்புக்கு நிய்யத் வெச்சிட்டன் உம்மா."

"முறிச்சிரு."

அப்னா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அல்லாட நோன்பை முறிக்கச் சொல்றயளா உம்மா?"

நஸீறா விடிந்ததும் ஓடிப்போய், அந்த ஒழுங்கைத் தெருவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஹவ்வா உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்னா சின்ன வயதில் இருந்து மதிக்கிற ஒரே மனுசி அவர். ஹவ்வா உம்மா அப்னாவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பார்த்தார். மணிக்கட்டை இரண்டு விரலால் சுற்றிப் பார்த்தார். விரல்கள் ஒன்றோடொன்று தாராளமாக முட்டின.

"புள்ள, சுகமில்லாதவளுக்கு நோன்பு இல்ல. இது நான் சொல்றதில்ல, மார்க்கம் சொல்ற. உன்ட உடம்பு அல்லா உன்ட கையில தந்த அமானிதம். அதைப் பட்டினி போட்டுக் கெடுத்தா அதுக்கும் மறுமையில கேள்வி இரிக்கி. உடம்பு தேறும் வரைக்கும் சுன்னத்து நோன்பு உனக்கு வேணாம். விளங்குதா?"

"ஓம் ஹவ்வா உம்மா" என்றாள் அப்னா. மறுபேச்சு இல்லை. அன்றோடு நோன்பை விட்டுவிட்டாள்.

நஸீறா அல்லாவுக்கு நன்றி சொல்லி இரண்டு றக்அத் ஷுக்ர் தொழுதாள். அந்தச் சந்தோசம் பின்னேரத்து அசர் தொழுகை வரைக்கும் நிற்கவில்லை. நோன்பை விட்டவள் தின்னத் தொடங்கவில்லை. காலையில் பசிக்கல்ல என்றாள், மத்தியானம் பள்ளிக்கூடத்தில் திண்டன் என்றாள், பின்னேரம் தலையிடிக்கிது என்றாள். பொழுதுபட்டு, பள்ளிவாசலில் மஃரிபு வாங்கு சொன்னபோது நஸீறா பழக்கதோசத்தில் ஈத்தம்பழத் தட்டோடு அவள் முன்னால் போய் நின்றாள்.

"நோன்பில்லையே உம்மா. என்னத்தைத் திறக்கிற?"

அப்போதுதான் நஸீறாவுக்குத் தான் செய்த காரியம் விளங்கியது. நோன்பு இருந்தவரைக்கும் மஃரிபுக்கு ஒரு ஈத்தம்பழமும் அரைக் கோப்பைக் கஞ்சியும் கட்டாயம் உள்ளே போயிற்று. வாங்கு சொன்னால் திறந்தே ஆகவேண்டும், அதில் அப்னா ஏமாற்ற மாட்டாள். இப்போது அந்த வாசலையும் பெற்றவளே கொண்டுபோய் அடைத்துவிட்டாள். நோன்பு பிடி என்று இனிச் சொல்லவும் முடியாது, பிடிக்காதே என்று சொன்னதைத் திருப்பி எடுக்கவும் முடியாது. ஈத்தம்பழத் தட்டைத் திரும்பக் குசினிக்கே கொண்டுபோனாள்.

வியாழக்கிழமை கிளினிக்கில் தராசு இன்னும் ஒரு கிலோ குறைத்துக் காட்டியது. தர்சினி நாடி பிடித்துப் பார்த்தாள். அப்னாவை வெளியே வாங்குப் பலகையில் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"றாத்தா, இது பசியில்லாத வருத்தம் இல்ல. அவக்குப் பசிக்கும். உங்களுக்கும் எனக்கும் பசிக்கிறதைவிடக் கூடப் பசிக்கும். அதை வெல்ல வெல்லத்தான் அவக்கு ஆறுதல். இதுக்கு டொக்டர் இருக்கிறார். மனசுக்குப் பாக்கிற டொக்டர்."

"விசரா மிஸ் என்ட புள்ளைக்கி?"

"இல்ல. விசர் இல்ல. காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு வருத்தம். ஆனா கவனிக்காம விட்டா இருதயத்துல போய் நிக்கும்." தர்சினி டொக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தாள். "ஒரு டொக்டர்தான் இந்தப் பக்கம் முழுக்கப் பாக்கிறார். நான் கதைச்சிப் பாத்தன். பன்னிரண்டு நாளைக்குப் பிறகுதான் திகதி தந்திருக்கினம். அதுக்குள்ள மயங்கி விழுந்தா, நெஞ்சு படபடக்குது எண்டா, ஒண்டும் யோசிக்காம அவசரப் பிரிவுக்குக் கொண்டு ஓடுங்க."

"நான் அது வரைக்கும் என்ன செய்ய மிஸ்?"

தர்சினி பேனையை மூடி வைத்தாள். "கூட இருங்க" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது அப்னா ஜன்னல் பக்கம் இருந்தாள். அவள் தோள் எலும்பு நஸீறாவின் கையில் இடித்துக்கொண்டே வந்தது. கூட இருப்பதற்கு ஒரு மிட்வைப் சொல்லித் தரவேண்டுமா என்று நஸீறாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

*

ஜவாத் திரும்பவும் கடலுக்குப் போய்விட்டான். போகாமல் இருந்தால் போட் வேறு ஆளை எடுத்துக்கொள்ளும். அவன் போன அன்று மத்தியானம் நஸீறா மகளை எதிரில் இருத்தினாள்.

"இஞ்ச பாரு மகள். நான் ஏசல்ல, அடிக்கல்ல. நீ தின்னும் வரைக்கும் உன்ட உம்மாவும் தின்ன மாட்டா. நீ ஒரு தட்டுச் சோறு தின்ற அண்டைக்குத்தான் எனக்கும் சோறு."

"வேணாம் உம்மா. உங்களுக்கு ஏலா."

"ஏலுமா ஏலாதா எண்டு பாப்பம்."

பெற்ற வயிறு காய்ந்தால் பிள்ளையின் மனம் இளகாமலா போகும் என்று அவள் நம்பினாள். முதல் நாள் வெறும் தேத்தண்ணியில் கழிந்தது. ரமழானில் பழகிய உடம்புதானே. இரண்டாம் நாள் தலை பாரமாயிற்று. கல்முனைக் கடைக்குக் கொடுக்கவேண்டிய அபாயாவில் கைப்பக்கத்தைக் கழுத்தில் வைத்துத் தைத்தாள். பிரித்தாள், திரும்பவும் தைத்தாள். கச்சான் காற்று எந்த வீட்டுக் குசினியையும் விடாமல் கொண்டுவந்து அவள் மூக்கில் கொட்டியது. முன்வீட்டில் மாசிச் சம்பல், பின்வீட்டில் பருப்புத் தாளிதம். இவ்வளவு சமைக்கிறார்களா இந்த ஒழுங்கையில் என்று அவளுக்கு அழுகை வந்தது.

அப்னா எப்போதும்போல் எழும்பினாள், கூட்டினாள், பாடம் படித்தாள், றஸ்னாவுக்கு ஊட்டிவிட்டாள். உம்மாவைப் பார்த்துக் கவலைப்பட்டாள். அடிக்கடி வந்து நெற்றியைத் தொட்டாள். "கொஞ்சம் தின்னுங்களேன் உம்மா" என்று கெஞ்சினாள். ஆனால் தான் தின்கிறேன் என்று அவள் வாயில் இருந்து வரவில்லை. பசியில் அவள் எத்தனையோ மாதம் பழகினவள். நஸீறா நேற்று வந்தவள்.

மூன்றாம் நாள் மிஷினுக்கு முன்னால் நஸீறாவின் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாயில் சாய்ந்தாள். பள்ளிக்கூட விடுமுறை நாள். குசினியில் அம்மியில் அரைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசம், கறிவேப்பிலை வாசம், மீன் வாசம். நஸீறாவின் வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினாள். விழுங்க விழுங்க ஊறியது.

அப்னா ஒரு தட்டோடு வந்து பாயில் உட்கார்ந்தாள். சிவப்பரிசிச் சோறு, கீரி மீன் பாலாணம், பொன்னாங்காணிச் சுண்டல். தட்டு நிறைய.

"எழும்புங்க உம்மா."

"நான் சொன்னது சொன்னதுதான். நீ தின்னு. பிறகு நான்."

"ஓம் உம்மா. நானும் தின்றன். முதல்ல நீங்க ஒரு வாய்."

"அல்லா மேல சொல்லு."

அப்னா சோற்றில் ஆணத்தை விட்டுப் பிசைந்தாள். கீரி மீனின் முள்ளை ஒவ்வொன்றாகத் தடவி எடுத்தாள். சுண்டலில் கொஞ்சம் சேர்த்து உருட்டினாள். அவளுடைய விரல்கள் குச்சி குச்சியாக இருந்தாலும் அவ்வளவு பக்குவமாக வேலை செய்தன.

"வாயத் திறங்க உம்மா."

திறக்கக்கூடாது என்று நஸீறா நினைத்தாள். ஒரு வாய்தானே, பிள்ளையும் ஒரு வாய் வைப்பாள் என்றும் நினைத்தாள். எதை முதலில் நினைத்தாள் என்று பிறகு யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. வாய் திறந்துவிட்டது.

அவ்வளவு ருசியை அவள் ஆயுசில் அறிந்ததில்லை. மென்றாளா விழுங்கினாளா தெரியாது. அடுத்த உருண்டை வாயருகில் வந்தது. "இப்ப நீ" என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அதுவும் உள்ளே போய்விட்டது. மூன்றாவது வந்தபோது அவளே கழுத்தை நீட்டி வாங்கினாள். நாலு, ஐந்து, பிறகு எண்ணவில்லை. அப்னாவின் கை தட்டுக்கும் அவள் வாய்க்கும் போய் வந்தது. ஒரு தரமாவது அது அப்னாவின் வாய்க்குத் திரும்பியதா என்று நஸீறா பார்க்கவில்லை. அவள் கையையும் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. வரும் சோற்றைத்தான் பார்த்தாள்.

"இன்னம் கொஞ்சம் கொண்டு வரவா உம்மா?"

நஸீறா தலையாட்டினாள். ஓம் என்று ஆட்டினாள்.

அப்னா துள்ளி எழும்பிக் குசினிக்கு ஓடினாள். சட்டியின் அடிச் சோற்றையும் மிச்ச ஆணத்தையும் கொண்டு வந்தாள். அதையும் ஊட்டினாள். கடைசிப் பருக்கையைக்கூட ஓரத்தில் வழித்து எடுத்து உம்மாவின் வாயில் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் நஸீறா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். எத்தனையோ மாதமாகக் காணாத சந்தோசம் அந்த ஒட்டிய முகத்தில் இருந்தது. நோய்க்காரப் பிள்ளை ஒரு வழியாகத் தின்றுவிட்டதே என்று உம்மாமாருக்கு வருமே, அந்தச் சந்தோசம்.

"நல்லாத் திண்டீங்க உம்மா" என்று சொல்லி நஸீறாவின் தலையைத் தடவிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு அப்னா உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் சவர்க்காரம் போட்டு விரலிடுக்கெல்லாம் தேய்த்துத் தேய்த்து, ஆணத்தின் எண்ணெய் போகும்வரைக்கும் கை கழுவினாள்.

நஸீறாவின் வயிறு நிறைந்திருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். உள்ளே இருந்து அப்னா கேட்டாள்.

"விக்குதா உம்மா? தண்ணி கொண்டு வரவா?"